அப்பாவின் எண்பத்தெட்டாவது மாடி

எட்டு நாளாக அந்த வீட்டில் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன வாரம் இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து இறங்கினாளே, அந்தத் தங்கைதான் காரணம். மருந்துக் கடை வரை நடக்கச் சொன்னாலே முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அப்பா, வெளிநாட்டிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்த இளையவளைப் பார்த்ததும் இரண்டு மாடிப் படியையும் விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஒரு பெட்டியைத் தானே தூக்குவேன் என்று அடம் வேறு.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. காலைக் காபியோடு பேச்சு. குளியலறைக் கதவுக்கு உள்ளிருந்து பேச்சு. சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை பேச்சு.

அம்மா போனபிறகு ஒன்பது வருடமாக அப்பா மூத்தவளோடுதான் இருக்கிறார். அவளிடம் அவர் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "சாப்பிட்டாச்சு." "மாத்திரை போட்டாச்சு." "மழை வரும் போல." அவ்வளவுதான். வயதானால் பேச்சு குறைந்துவிடும் என்று அவளும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

பேச்சு ஒன்றும் குறையவில்லை என்று இப்போதுதானே தெரிகிறது.

அன்று கோபுரத்துக்குப் போவதாக ஏற்பாடு. நகரத்திலேயே உயரமான கட்டடம் அது. எண்பத்தெட்டாவது மாடியில் சுற்றிலும் கண்ணாடி போட்டு, ஊர் முழுவதையும் பார்க்கிற மாதிரி ஒரு தளம் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடம் எழும்பிய நான்கு வருடமும் அதன் உச்சியில் நின்ற கிரேனை ஓட்டியவர் அப்பா. கட்டி முடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. போக ஆசை என்று மூத்தவளிடம் சொன்னதும் இல்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்பா" என்று தங்கை சொல்லி வாய் மூடவில்லை. "எப்போ?" என்றார்.

அவருடைய நீலச் சட்டையை மூத்தவள் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீ வெள்ளையைப் போடேன். நீலத்துல ரொம்ப சோர்வாத் தெரியறே."

அப்பா மறுபேச்சில்லாமல் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

சட்டை போனால் போகட்டும். அந்த 'நீ'தான் மூத்தவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அவள் அப்பாவை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஐந்து வயதானபோது தங்கை பிறந்தாள். "இனிமே நீ பெரியவ, அப்பாவை மரியாதையாக் கூப்பிடணும்" என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். தங்கைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கீழே யாரும் பிறக்கவில்லை.

அவிழ்த்துப் போட்ட நீலச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது, கணவர் ஷூவுக்குக் கயிறு கட்டியபடி மூக்கைச் சுளித்தார். பஸ் டிரைவர். பகல் ஷிப்ட்.

"என்ன, ஏதோ தீயற வாடை வருது? அயர்ன் பாக்ஸை ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்போ வாடை உனக்குள்ளேருந்துதான் வருது."

"பேசாம டூட்டிக்குக் கிளம்புங்க."

"நான் கிளம்பறேன். நீ எதுக்கு லீவு போட்டுட்டுக் கிளம்பறே? ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தவே என்னைக் கூப்பிடுறவ, எண்பத்தெட்டு மாடி ஏறப் போறியா? அவங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் போயிட்டு வரட்டுமே."

"ஏன், அவருக்கு ஒரே பொண்ணா?"

கேட்டபிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. கணவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

டாக்சியில் அப்பா பின் சீட்டில் தங்கையோடு ஏறிக்கொண்டார். மூத்தவள் முன்னால், டிரைவர் பக்கத்தில். வழி நெடுக முதுகுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வீம்பாக இருந்தாள். ஆனாலும் டிரைவரின் சின்னக் கண்ணாடியில் பாதி முகங்கள் தெரிந்தன. அப்பா சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அது எப்போது விழுந்தது? ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு ஏன் தெரியவில்லை?

ஒன்பது வருடத்தில் அவர் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தால்தானே தெரியும்.

கோபுரத்தின் அடியில் வரிசையில் நின்று, பைகளைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கி, லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். சீருடை போட்ட பெண் ஒருத்தி மனப்பாடமாகச் சொன்னாள்: "ஐம்பத்தஞ்சு செகண்டுல எண்பத்தெட்டாவது மாடிக்குப் போயிடுவோம். காது அடைச்சா எச்சிலை முழுங்குங்க."

"அப்பல்லாம் எனக்கு நாற்பது நிமிஷம் ஆகும்மா," என்றார் அப்பா. "பாதிக்கு மேல ஏணிதான்."

"ஏணியா?" என்றாள் அந்தப் பெண், மனப்பாடம் மறந்து.

"இவர்தான் இதைக் கட்டினார்," என்றாள் தங்கை, லிஃப்டில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

மூத்தவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா? வாயில் வரவில்லையே. இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் முந்திக்கொண்டு வருகிறது?

லிஃப்ட் எழும்பியதும் வயிறு கீழேயே தங்கிவிட்டது போல் இருந்தது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் இடது கை தங்கையின் தோளில் இருந்தது. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

எதிரே சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதற்கு அப்பால் வெறும் வெளிச்சம்.

அப்பாவும் தங்கையும் நேராகக் கண்ணாடிக்கு நடந்தார்கள். மூத்தவள் நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடிக்குக் கால் வரவில்லை. பக்கத்தில் தடியான ஒரு தூணும், அதைச் சுற்றி வட்டமாக ஒரு பெஞ்சும் இருந்தன. தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வா! நம்ம ரயில்வே பாலம் எல்லாம் தெரியுது!"

"எனக்கு இங்கிருந்தே தெரியுது."

தெரிந்ததெல்லாம் இரண்டு முதுகுகள்தான். இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து, வலது காலைக் கொஞ்சம் அகட்டி, ஒரே மாதிரி நின்றார்கள். தங்கை பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். உயரம், காற்று, இரும்பு எல்லாம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்த சொத்து. தனக்கு என்ன வந்தது? மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு வருடமாக லென்ஸ் வெட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அப்பா போட்டிருக்கும் கண்ணாடிகூட அவள் வெட்டி மாட்டியதுதான். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தங்கை நீட்டிய பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அடடா!" என்றார். "என்ன பளிச்சுன்னு தெரியுது!"

மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தத் தளத்தில் வழிகாட்டியாக இருந்த பெண்ணும் வந்து நின்றாள். இந்தக் கட்டடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததெல்லாம் இந்தக் கிழவருக்குத் தெரிகிறதே.

"மேல போயிட்டா சாயங்காலம் வரைக்கும் இறங்க முடியாது. சாப்பாடு வாளியில வரும். மத்ததுக்கு ஒரு பாட்டில்," என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது.

"அப்பா, அந்தக் கை ஆட்டறவர் கதையைச் சொல்லு!" என்றாள் தங்கை.

"அதுவா..." அப்பா கண்ணாடிக்கு வெளியே கை காட்டினார். "அதோ, பச்சை உச்சி தெரியுதே, அதையும் அப்பதான் கட்டிக்கிட்டிருந்தாங்க. அங்க ஒரு கிரேன். காலைல நான் கேபின்ல ஏறி உட்கார்ந்ததும் அவன் கையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். ஒரு நாள் பனி இறங்கிடுச்சு. கீழ ஊரே இல்லை. பால்ல முக்கின மாதிரி எல்லாம் வெள்ளை. அவன் கேபினும் என் கேபினும் மட்டும் மிதக்குது. மூணு மணி நேரம். வேலை கிடையாது, இறங்கவும் முடியாது. உலகத்துலயே நானும் அவனும்தான் மிச்சம்னு தோணுச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் கை ஆட்டுவேன், அவன் ஆட்டுவான். இருக்கியா? இருக்கேன்."

"அப்புறம் அவரைப் பார்த்தீங்களா?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"கடைசி வரைக்கும் இல்லம்மா. அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. கை தெரியும்."

யாரோ கை தட்டினார்கள். அப்பா வெட்கப்பட்டுத் தலையைத் தடவிக்கொண்டார்.

தூணோரம் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை தட்ட வரவில்லை. இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. வாளியில் சாப்பாடு ஏறிய கதை தெரியாது. அந்த நாட்களில் அப்பா விடியும் முன்னால் போனார், இருட்டியபின் வந்தார். அம்மா சொல்லி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா நம்ம அப்பாவை? ஸ்டார் ஆயிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"அந்தக் கை ஆட்டறவன் கதை. நீ கேட்டதும் சொன்னாரே. உனக்கு எப்போ சொன்னார்?"

"போன்லதான். போன வருஷமோ என்னமோ. புதன்கிழமை புதன்கிழமை பேசுவோமே."

"எந்தப் புதன்கிழமை?"

"எல்லாப் புதனும்தான், அக்கா. மத்தியானம் ரெண்டு மணிக்கு. ஒரு மணி நேரம், சில நாள் ஒண்ணரை." தங்கையின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "உனக்குத் தெரியாதா?"

தெரியாது. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கடையில் இருப்பாள். கணவர் பஸ்ஸில் இருப்பார். வீட்டில் அப்பா மட்டும். ஆறு மணிக்கு அவள் வந்து, "என்னப்பா பண்ணீங்க இன்னிக்கு?" என்று கேட்டால், "சும்மாதான் இருந்தேன்" என்பார்.

ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, சும்மாதான் இருந்தேன்.

அடுத்தவள் தன் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அழகாக மடித்து வைத்துப் போனது போல் இருந்தது அவளுக்கு.

"நல்லா இருக்கு," என்றாள். "சோறு போடறது ஒருத்தி. கதை கேக்கறது ஒருத்தி."

"அக்கா, அப்படி ஏன் பேசறே?"

"வேற எப்படிப் பேசறது? காய்ச்சல் வந்தா நான். டாக்டர்கிட்ட நான். அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கறது நான். நீ நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பைனாகுலரை நீட்டறே, உடனே ஊர் பளிச்சுன்னு தெரியுது அவருக்கு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பதி எழுந்து போனார்கள். தங்கை குனிந்து தன் கை விரல்களைப் பார்த்தாள்.

"உனக்கு அவர் தினமும் இருக்கார். எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம். அதுக்குமா கணக்கு?" என்றாள். பிறகு, ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்ததைச் சொல்பவள் போல நிமிர்ந்தாள். "சரி, இப்பவே சொல்லிடறேன். ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன். அப்பாவை நான் என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் இல்லை. அங்கயே இருக்கட்டும். இதே கட்டடத்துல பதினாலாவது மாடியிலதான் விசா ஆபீஸ். ரெண்டரை மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன். பாஸ்போர்ட், போட்டோ எல்லாம் பையில இருக்கு. அப்பா வந்து விரல் ரேகை குடுத்தா போதும்."

மூத்தவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கேட்டேன். சரின்னார்."

"எப்போ சரின்னார்?"

"முந்தாநாள்."

முந்தாநாள் இரவு அப்பா வழக்கம்போலத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "மழை வரும் போல" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனார்.

அப்படியென்றால் இந்தக் கண்ணாடி, பைனாகுலர், வெள்ளைச் சட்டை எல்லாம் வழியில் கிடைத்த வேடிக்கை. உண்மையான வேலை கீழே, பதினாலாவது மாடியில். நல்லவேளை, நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டு வந்தாள். இல்லாவிட்டால் இதுகூடத் தெரிந்திருக்காது.

"எனக்குத் தலை வலிக்குது. காபி வாங்கிட்டு வரேன்," என்று தங்கை எழுந்தாள். போனையும் பர்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். "பையைப் பார்த்துக்கோ."

அவள் காபி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள், முதுகு இந்தப் பக்கம். அப்பா தளத்தின் இன்னொரு ஓரத்தில், வழிகாட்டிப் பெண்ணோடு, சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடம் எழும்பிய காலத்துப் படங்கள். ஒன்றில் விரலை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகும் இந்தப் பக்கம்தான்.

பை அவளுக்கு அருகில் இருந்தது. தோல் பை. ஜிப் பாதி திறந்திருந்தது. நீல நிற ஃபைல் ஒன்றின் நுனி வெளியே தெரிந்தது.

அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை போனது. ஃபைலின் மேலேயே இருந்தது பாஸ்போர்ட். எடுத்தாள். தன் கைப்பைக்குள், சீப்புக்கும் கைக்குட்டைக்கும் அடியில் திணித்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். மொத்தமும் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான்.

பிறகு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆனால் பயத்துக்கு அடியில், ஒத்துக்கொள்ளவே கூசுகிற மாதிரி, ஒரு சந்தோஷம். கூட்டிட்டுப் போவியா? கூட்டிட்டுப் போ பார்க்கலாம்.

"இங்க வாம்மா."

அப்பா. எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. ஐந்தடி தூரத்தில், கண்ணாடி ஓரமாக நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தலை சுத்தும்பா."

"தெரியும். கீழ பார்க்காதே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்து வா."

அவள் எழுந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் தரை நழுவுவது போல் இருந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை. கிரேனில் பாரத்தை இறக்குகிறவர் அப்படித்தான் இருந்திருப்பார் போலும். மெதுவாக, மெதுவாக, வந்துவிட்டது.

"இப்போ என் விரல் நுனியைப் பாரு. மணிக்கூண்டு தெரியுதா? அதுக்கு இடது பக்கம் மஞ்சள் கட்டடம். அதுக்குப் பின்னால ஒரு சந்து. சந்துல தகரக் கூரை."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வீடுகள் தீப்பெட்டிகூட இல்லை, உளுந்துதான். "அது... எங்க கடையா?"

"உங்க கடை பின்வாசல். கேபின்லேருந்து நேராத் தெரியும். பதினோரு மணி ஆனா நீ கதவைத் திறந்துட்டு வெளிய வருவே. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாலு உதறு உதறுவே."

"லென்ஸ் வெட்டற தூசிப்பா. உள்ள உதறினா முதலாளி திட்டுவார்."

"என்னமோ. மேலேருந்து ஆள் தெரியாது. வெள்ளையா ஒரு பொட்டு துடிக்கும், அவ்வளவுதான். நீ கல்யாணமாகித் தனியாப் போயிட்ட காலம். வீட்டுக்கு எப்பவாவது வருவே, வந்தா உங்க அம்மாவோட பேசிட்டுப் போயிடுவே. நான் பதினோரு மணிக்குப் பார்த்துப்பேன். சரி, வேலைக்கு வந்திருக்கா, நல்லா இருக்கா. வராத நாள்ல எனக்கு வேலை ஓடாது. ஒரு தடவை நாலு நாள் வரலை."

"அம்மை போட்டிருந்துது."

"அதை அப்புறம் உங்க அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நாலு நாளும், கீழேருந்து சைகை காட்டற சிக்னல்மேன்கிட்ட திட்டு வாங்கினேன்."

மூத்தவள் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டாள். கண்ணாடிக்கு அப்பால் ஊர் முழுவதும் கிடந்தது. தலை சுற்றவில்லை.

"இதை ஏன்பா ஒரு நாளும் எங்கிட்ட சொல்லலை?"

"சாயங்காலம் நீ வரும்போது உன் முகத்தைப் பார்த்தா ஒண்ணும் கேக்கத் தோணாது. களைச்சுப் போய் வருவே. வந்ததும் எனக்கு மாத்திரை, சாப்பாடு. உன்னை உட்கார வெச்சு என்னத்தைக் கதை சொல்றது? அவ போன்ல இருக்கா, முகம் தெரியாது. பேச வந்துடுது."

"அதான் அவகூடப் போறேன்னு சொல்லிட்டீங்களா?"

அப்பா மணிக்கூண்டைக் காட்டிய கையைக் கீழே இறக்கினார்.

"'என்கூட வாப்பா'ன்னு கேட்டா. கேக்க ஒரு ஆள் இருக்கேன்னு இருந்துச்சு. சரின்னேன்."

"நான் கேக்கலைன்னு சொல்றீங்களா?" அவளுக்குக் குரல் உடைந்தது. "என் வீட்டுல இருக்கற ஆளை நான் எப்படிப்பா வான்னு கூப்பிடறது?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கை மூன்று காபிக் கோப்பைகளோடு வந்து நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் கோத்திருந்த கைகளையும்தான்.

"குடிச்சிட்டுக் கிளம்பலாம். ரெண்டு பத்து ஆச்சு," என்றாள்.

திருப்பி வைத்துவிட வேண்டும் என்று மூத்தவள் தவித்தாள். கைப்பை கல்லாகக் கனத்தது. ஆனால் தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். லிஃப்டிலோ நெருக்கியடித்துக் கூட்டம். ஐம்பத்தைந்து செகண்டில் என்ன செய்ய முடியும்?

பதினாலாவது மாடியில் நீளமான ஒரு கூடம், வரிசையாக இரும்பு நாற்காலிகள், கோடியில் நான்கு கவுன்ட்டர்கள். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. அறுபத்து மூன்று. பலகையில் ஐம்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை ஃபைலைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பையையே மடியில் கவிழ்த்தாள். சார்ஜர், தலைவலி மாத்திரை, கறுப்புக் கண்ணாடியின் டப்பா, எல்லாம் விழுந்தன.

"பாஸ்போர்ட்டைக் காணோம்." முகம் வெளுத்துவிட்டது. "காலைல நானே எடுத்து வெச்சேனே. அக்கா, பை பக்கத்துல யாராவது வந்தாங்களா?"

மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் அப்பா.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"போட்டோ எப்படி இருக்குன்னு பார்க்க எடுத்தேன். மேல பெஞ்சுல வெச்சுட்டேன் போல."

"அய்யோ அப்பா!" தங்கை எழுந்து ஓடினாள். லிஃப்ட் கதவு மூடுகிற வரை அவள் விரல் பொத்தானைக் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

கூடத்தில் யாரோ இருமினார்கள். பலகையில் அறுபது வந்தது.

"மேல சுவத்துல இருக்கற பழைய படத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டியிருக்காங்க," என்றார் அப்பா, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "பின்னால நடக்கறது நல்லாத் தெரியுது."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "பார்த்துட்டுத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

"ஆமாம். சின்ன வயசுல அவ பொம்மையை ஒளிச்சு வெப்பே. அடி வாங்கினாலும் எங்கேன்னு சொல்ல மாட்டே." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவ போய்த் தேடிட்டு வர பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள என்ன பண்றதுன்னு நீயே யோசி. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

மூத்தவள் யோசிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, அவர் மடியில் வைத்தாள்.

"இது உங்களோடது. போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம்," என்றாள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. "ஆனா போகாதீங்கப்பா. அவளைவிட நான் நல்லவள்னு சொல்லலை. எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. அவ சிரிச்சா எரியுது, நீங்க அவளைப் பார்த்துச் சிரிச்சா இன்னும் எரியுது. இதை வெச்சுக்கிட்டே கேக்கறேன். என்கூட இருங்க."

அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து, தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் அவள் தன் கையை வைத்தாள். அவர் தன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

அறுபத்து இரண்டு.

லிஃப்டின் மணி அடித்தது. தங்கை வெறுங்கையோடு வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு எட்டு வைத்தவள், அப்பாவின் மடியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்கயா இருந்துது?"

"என் சட்டைப்பையிலயே..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"இல்லை," என்றாள் மூத்தவள். "நான்தான் எடுத்தேன், குட்டி. நீ காபிக்குப் போனப்போ. உன் பையிலேருந்து."

திட்டுவாள், கத்துவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். தங்கையின் பார்வை பாஸ்போர்ட்டில் இல்லை. அதற்கு மேல், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த இரண்டு கைகளில் இருந்தது. உதடு இறுகி, தாடை லேசாக முன்னால் வந்திருந்தது. எட்டு நாளாகக் குளியலறைக் கண்ணாடியில் மூத்தவள் பார்த்துக்கொண்டிருந்த தன் முகமேதான்.

பலகையில் எண் மாறியது.

"அறுபத்து மூணு," என்றது ஒலிபெருக்கி.

யாரும் அசையவில்லை. ஒலிபெருக்கி இன்னொரு தடவை கூப்பிட்டது. அப்பா பாஸ்போர்ட்டை மூடி, முழங்காலில் கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றார்.

கவுன்ட்டர் கூடத்தின் ஒரு கோடியில் இருந்தது. லிஃப்ட் மறு கோடியில்.